புல்லட்டின் எண்ணெய்க் குச்சியும் நான் எழுதிய ஒரு குறிப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வயிற்றுப் பேரன் புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தான். ராயல் என்ஃபீல்ட், 350 சி.சி. வாசலில் நிறுத்தியதும், "தாத்தா, இதுல ஆயில் பாக்கறதுக்குக் குச்சியே கிடையாது. கண்ணாடி வழியாவே பாத்துக்கலாம்" என்று காட்டினான். எனக்கு 74 வயது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். என்ஜினின் வலப்பக்கம், கீழே, நாணயம் போல ஒரு வட்டக் கண்ணாடி. அதற்குள் தேன் நிறத்தில் எண்ணெய். மேலே ஒரு குறி, கீழே ஒரு குறி. இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் நின்றால் போதும்.

அவன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போன பிறகும் எனக்கு அந்தக் கண்ணாடி நினைவாகவே இருந்தது. 1976-ல் நான் அலுவலகத்தில் எழுதிய ஒரு குறிப்பு அதோடு சேர்ந்து ஞாபகத்துக்கு வந்தது. ஒரு மனிதரின் சம்பளத்தில் 38 ரூபாய் பிடிப்பதற்குக் காரணமாக இருந்த குறிப்பு அது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மோட்டார் சைக்கிளில் எண்ணெய் அளவு பார்ப்பது எப்படி வந்தது, புல்லட்டில் அதற்கு என்ன தனி வழக்கம் என்று முதலில் சொல்லாவிட்டால் நான் செய்த தவறு உங்களுக்கு விளங்காது. ஆகையால் சற்றுப் பழைய காலத்திலிருந்து தொடங்குகிறேன்.

எண்ணெயை வழியில் விட்டுச் சென்ற காலம்

மோட்டார் சைக்கிள் தோன்றிய காலத்தில் எண்ணெய் அளவு பார்ப்பது என்ற பேச்சே இல்லை. எவ்வளவு எண்ணெய் விடுவது என்பதுதான் கேள்வி. பெட்ரோல் தொட்டியின் ஒரு பகுதியைத் தடுத்து அதில் எண்ணெய் ஊற்றி வைத்திருப்பார்கள். பக்கத்தில் சிறிய கைப் பம்ப் ஒன்று இருக்கும். ஓட்டுபவர் சில மைல்களுக்கு ஒரு தடவை அதை அழுத்தினால் கொஞ்சம் எண்ணெய் என்ஜினுக்குள் இறங்கும். உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. பாதி எரிந்து புகையாகும், மீதி கீழே ஒழுகும். இந்த முறைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே 'முழு நஷ்ட' முறை என்ற பொருளில்தான்.

எத்தனை தடவை அழுத்துவது? மேடு ஏறினால் அதிகம், இறக்கத்தில் குறைவு. புகைக்குழாயில் லேசாக நீலப் புகை தெரிந்தால் எண்ணெய் போதும் என்று அர்த்தம். புகையே இல்லை என்றால் ஆபத்து. பிஸ்டன் சூடாகிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அதாவது, ஓட்டுபவர் அடிக்கடி திரும்பிப் பின்னால் வரும் புகையைப் பார்த்து அளவு தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு பர்மிங்ஹாமின் பெஸ்ட் அண்ட் லாய்டு போன்ற நிறுவனங்கள் சொட்டுக் கண்ணாடி செய்து விற்றன. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும்போது குழாயில் சொட்டு விழுவதைப் பார்க்கிறோம் அல்லவா, அதே மாதிரி. எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுவது கண்ணாடிக்குள் தெரியும். சொட்டை எண்ணி, திருகைத் திருப்பிக் கூட்டலாம், குறைக்கலாம். பேரனின் வண்டியில் இருக்கும் கண்ணாடிக்கு இது ஒரு வகையில் பாட்டன்.

அந்த எண்ணெயும் நமக்கு அந்நியமானது அல்ல. 1899-ல் சார்லஸ் வேக்ஃபீல்ட் என்பவர் இங்கிலாந்தில் எண்ணெய் நிறுவனம் தொடங்கினார். 1909-ல் அவர் ஆமணக்கு எண்ணெய் கலந்து ஒரு புது எண்ணெயை விற்பனைக்குக் கொண்டுவந்து அதற்கு காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தார். ஆமணக்குக்கு ஆங்கிலப் பெயர் காஸ்டர். அதிலிருந்து வந்த பெயர். நம் பாட்டிமார்கள் மாதம் ஒரு முறை பிள்ளைகளைப் பிடித்து வைத்துக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். முதல் உலகப் போரில் விமானிகள் என்ஜினிலிருந்து பறந்து வரும் விளக்கெண்ணெய்ப் புகையைச் சுவாசித்துவிட்டு, இறங்கியதும் அவசரமாக ஒதுங்க ஓடினார்கள் என்று சொல்வார்கள். நம்பாமல் இருக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

கண்ணாடித் தொட்டியும் பீப்பாய்க் கோலும்

இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊரில் இருந்த என்ஃபீல்ட் சைக்கிள் கம்பெனி 1901-ல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது. முதல் உலகப் போர் தொடங்கும் சமயத்தில் அவர்கள் 425 சி.சி.யில் இரட்டைச் சிலிண்டர் வண்டி ஒன்று விற்றார்கள். அதில் எண்ணெயை வீணாக்காமல் ஒரு பம்ப் உள்ளே அனுப்பும், அது வேலை முடிந்து மறுபடி தொட்டிக்கே வந்து சேரும். அந்த எண்ணெய்த் தொட்டியையே அவர்கள் கண்ணாடியில் செய்திருந்தார்கள். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று தெருவில் போகிறவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் மோட்டார் சைக்கிளில் கண்ணாடித் தொட்டி எத்தனை நாள் தாங்கும்? அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. எண்ணெய் சுற்றி வரும் முறை மட்டும் நிலைத்தது. 1930 வாக்கில் பெரிய பிரிட்டிஷ் வண்டிகள் பெரும்பாலும் அந்த முறைக்கு வந்துவிட்டன.

எண்ணெய் திரும்பி வரத் தொடங்கிய பிறகுதான் 'அளவு' என்ற ஒன்றே பிறந்தது. இத்தனை ஊற்றினோம், இத்தனை இருக்கிறது என்று கணக்குப் பார்க்கலாம். இரும்புத் தொட்டிக்குள் கண் போகாது. ஆகவே ஒரு குச்சி.

பிரெஞ்சில் இந்தக் குச்சிக்கு 'ழோழ்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'கேஜ்' என்று சொல்கிறோமே, அதுவும் இதே குடும்பத்துச் சொல்தான். பிரான்சிலிருந்து கடல் தாண்டிப் போனது. மோட்டார் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல் இருந்தது. ஒயின் பீப்பாய்க்குள் விட்டு அளக்கும் கோல்தான் பழைய ழோழ். சரக்கு வரி வசூலிப்பவர்கள் அந்தக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் கணக்கு ஆசிரியர் இந்தக் கோலை வைத்து ஒரு கதை சொல்வார். கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த கெப்ளர் 1613-ல் ஆஸ்திரியாவில் இரண்டாவது திருமணம் செய்துகொண்டார். வீட்டுக்கு ஒயின் வாங்கினார். வியாபாரி வந்து, பீப்பாயின் வாய் வழியாக ஒரு கோலைச் சாய்வாக விட்டு, அடி மூலையைத் தொட்டதும் எடுத்து, நனைந்த நீளத்தைப் பார்த்து விலை சொல்லிவிட்டார். பீப்பாய் குட்டையா, நெட்டையா என்று கேட்கவே இல்லை. இப்படி அளந்தால் எப்படிச் சரியாக வரும் என்று கெப்ளருக்குச் சந்தேகம். உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1615-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். முடிவு என்ன தெரியுமா? ஆஸ்திரியப் பீப்பாய்களின் வடிவத்துக்கு அந்த வியாபாரியின் முறை நன்றாகவே பொருந்தியது.

வகுப்பில் நாங்கள் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தோம். இத்தனை பெரிய மனிதர் ஒரு பீப்பாய்க்காக இரண்டு வருடம் செலவழித்தாரே என்று. சந்தேகப்பட்டவர், வியாபாரியைத் திட்டுவதற்கு முன் தானே சோதித்துப் பார்த்தார் என்பதைக் கவனிக்கவில்லை. அந்தப் பாடம் எனக்குப் பிற்பாடு தேவைப்பட்டது. அப்போது அது நினைவுக்கு வரவில்லை.

ரெட்டிட்சிலிருந்து திருவொற்றியூருக்கு

புல்லட் என்ற பெயர் 1932-ல் வந்தது. நாம் இன்று புல்லட் என்று அறிந்திருக்கும் உருவம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. இந்தியாவுக்கு அதைத் தருவித்து விற்றவர்கள் மெட்ராஸ் மோட்டார்ஸ். 1950-களின் தொடக்கத்தில் ராணுவம் தன் வேலைக்கு இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையைத் தொடர்ந்து, 1955-ல் ரெட்டிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா என்ற நிறுவனத்தை உண்டாக்கின. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள்.

1970-ல் இங்கிலாந்தில் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள் தயாரிப்பு அடியோடு நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-ல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் தொடங்கியது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு என்ஜின், சின்னச் சின்ன மாற்றங்களோடு, இந்த நூற்றாண்டின் முதல் பத்து ஆண்டுகள் வரை இங்கே உயிரோடு இருந்தது. உலகத்தில் வேறெங்கும் மறைந்துபோன எண்ணெய் பார்க்கும் வழக்கம் ஒன்று நம் ஊர் மெக்கானிக்குகளின் கையில் மிச்சம் இருந்ததற்கு இதுதான் காரணம்.

அந்த வழக்கத்தைச் சொல்கிறேன். பழைய புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி தனியாக வெளியே தொங்காது. என்ஜினின் அடி வார்ப்பிலேயே, கிராங்க் சுழலும் அறைக்குப் பின்னால் இன்னோர் அறை இருக்கும். அதுதான் தொட்டி. சுமார் இரண்டே கால் லிட்டர் கொள்ளும். இரண்டு பம்ப்கள். ஒன்று தொட்டியிலிருந்து எண்ணெயை எடுத்து என்ஜினுக்கு அனுப்பும். இன்னொன்று கிராங்க் அறையில் வடிந்து சேரும் எண்ணெயை இழுத்துத் தொட்டிக்குத் திருப்பும். எங்கள் அலுவலக மொழியில் சொன்னால் ஒன்று செலவு, மற்றது வரவு. என்ஜின் ஓடும்வரை வரவும் செலவும் சரியாக இருக்கும்.

என்ஜின் நின்றுவிட்டால்? பம்ப்கள் இரண்டும் நின்றுவிடும். ஆனால் தொட்டியில் இருக்கும் எண்ணெய் சும்மா இருக்காது. பம்ப்பின் இடுக்குகள் வழியாக மெல்ல மெல்லக் கிராங்க் அறைக்குள் கசிந்து இறங்கும். பம்ப் தேய்ந்திருந்தால் சீக்கிரம் இறங்கும். ஒரு ராத்திரியில் பெரிதாகத் தெரியாது. பத்து நாள், பதினைந்து நாள் வண்டி நின்றால் தொட்டி பாதிக்கு மேல் காலியாகிவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்காது. குச்சியை விட்டுப் பார்த்தால் நுனி மட்டும் நனையும்.

ஆகையால் பழைய புல்லட்டில் எண்ணெய் பார்க்கும் முறை இதுதான்: வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். கீழே இறங்கிய எண்ணெயை வரவுப் பம்ப் தொட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். நிறுத்திய கையோடு குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போது தெரிவதுதான் உண்மையான அளவு.

1976

நான் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகம், பெயர் வேண்டாம். எங்களிடம் மூன்று புல்லட்டுகள் இருந்தன. பாகூர், வில்லியனூர், திருக்கனூர் என்று ஊர்களுக்குத் தபால் கொண்டுபோகும் வண்டிகள். எண்ணெய், டயர், டியூப் இருப்புப் பதிவேடு என் மேசையில். வண்டி ஓட்டத் தெரியாதவனிடம் வண்டிக் கணக்கு.

நெருக்கடி நிலை நாட்கள். எங்கு பார்த்தாலும் திடீர்ச் சோதனை, நேரம் தவறாமை, சிக்கனம். ஒரு நாள் காலையில் அதிகாரி ஒருவர் வந்து வண்டிக் கொட்டகையைப் பார்க்க வேண்டும் என்றார். நான் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மூன்று வண்டிகளிலும் குச்சியை எடுத்துப் பார்த்தோம். இரண்டில் சரியாக இருந்தது. மூன்றாவது வண்டியில் கீழ்க்குறிக்கும் கீழே. அந்த வண்டியை ஓட்டுபவர் தங்கை கல்யாணத்துக்காக 12 நாள் விடுப்பில் போய் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். விடுப்புக்கு முதல் நாள் மேல்குறி வரை எண்ணெய் ஊற்றியதாக லாக் புத்தகத்தில் அவர் கையெழுத்து.

அவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை சார் என்பார்.

"சார், ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டுட்டுப் பாருங்க. எண்ணெய் உள்ளதான் இருக்குது" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கொட்டகைத் தரையில் ஒழுகிய கறை இல்லை. ஸ்டார்ட் செய்தால் எண்ணெய் கூடுமா என்ன? குறையத்தானே செய்யும்? நேரம் கடத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அதை வாய்விட்டும் சொன்னேன்.

அன்று மாலையே குறிப்பு எழுதினேன். ஆங்கிலத்தில். பிரெஞ்சில் படித்த பையனுக்கு ஆங்கிலக் கோப்பு எழுத வருமா என்று என் மேலாளருக்கு நெடுநாளாகச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட இது நல்ல சமயம் என்று எனக்குத் தோன்றியது. எண் போட்டு எழுதினேன். ஒன்று, விடுப்புக்கு முன் எண்ணெய் நிரம்ப இருந்தது. இரண்டு, 12 நாட்கள் வண்டி ஓடவில்லை. மூன்று, ஒழுகிய தடயம் இல்லை. நான்கு, ஓடாத என்ஜின் எண்ணெயைச் செலவழிக்காது. ஆகவே எண்ணெய் வெளியே எடுக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஊற்றப்படாமலே ஊற்றியதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மேலாளர் படித்துவிட்டுத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை எட்டு வருடம் பெருமையாக வைத்திருந்தேன்.

அதோடு முடியவில்லை. அதிகாரியின் உத்தரவுப்படி அந்த வண்டிக்கு உடனே ஒரு லிட்டர் எண்ணெய் ஊற்றச் சொன்னோம். அண்ணன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை, ஊற்றினார். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பினதும் கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. மூச்சுக் குழாய் வழியாக எண்ணெய் பீறிட்டுப் பின் சக்கரம் வரை நனைந்தது. அன்று தபால் போகவில்லை. 'கவனக் குறைவால் எண்ணெய் விரயம்' என்று அதையும் அவர் கணக்கில் சேர்த்தேன். நேற்று காணாமல் போன எண்ணெய்தான் இன்று புகையாக வெளியே வருகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதிவேட்டை மட்டும் பார்த்தேன், வண்டியைப் பார்க்கவில்லை.

அந்த லிட்டரும் முந்தைய மாதங்களில் வாங்கியதில் 'சந்தேகத்துக்குரிய' லிட்டர்களும் சேர்த்து 38 ரூபாய் பிடித்தம். கூடவே எழுத்து மூலமான எச்சரிக்கை ஒன்று. தங்கை கல்யாணக் கடனோடு வந்த மனிதருக்கு அந்த மாதம் 38 ரூபாய் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

ஊத்தாதீங்க சார்

1984-ல் நானே ஒரு புல்லட் வாங்கினேன், பழைய வண்டி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கிக்கரை மிதிக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் ஆயிற்று. அந்தச் சமயம் என்னை மூன்று வாரத்துக்குக் காரைக்காலுக்கு அனுப்பினார்கள். வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போனேன்.

திரும்பி வந்த மறுநாள், வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருமுனை மெக்கானிக் கடையில் நிறுத்தி, பழக்க தோஷத்தில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய காய்ந்து கிடந்தது. யாரோ எண்ணெயைத் திருடிவிட்டார்கள் என்பதுதான் முதலில் வந்த நினைப்பு. டின்னைத் திறந்து ஊற்றப் போனேன்.

"ஊத்தாதீங்க சார்!" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம். மெக்கானிக் ஓடி வந்து டின்னைப் பிடுங்கிக் கீழே வைத்தார். "எத்தினி நாளா நிக்குது?" "மூணு வாரம்." "அப்பறம் எப்படிக் குச்சியில தெரியும்? எல்லாம் கிராங்க்குக்கு எறங்கிடுச்சி." அவரே கிக்கரை மிதித்தார். கனமாக மசிந்தது. நாலாவது மிதியில் பிடித்தது. கொஞ்சம் புகை விட்டது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். குச்சியைத் துடைத்து, விட்டு எடுத்து என் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

மேல்குறி வரை எண்ணெய்.

நான் அந்தக் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் குறிப்பின் நான்கு எண்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. நான்காவதுதான் தவறு. ஓடாத என்ஜின் எண்ணெயைச் செலவழிக்காது என்பது சரி. ஆனால் எண்ணெய் வேறு அறைக்குப் போயிருக்கலாம் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கல்லூரி வரை தர்க்கம் படித்த நான் யோசிக்கவில்லை. பள்ளிப் படிப்பையே முடிக்காத அந்த அண்ணன், சோதனை செய்யும் வழியையே என்னிடம் சொல்லியிருந்தார். ஐந்து நிமிட வேலை. கெப்ளர் இரண்டு வருடம் செலவழித்தார், எங்களால் ஐந்து நிமிடம் முடியவில்லை.

நெல்லித்தோப்பில்

அண்ணன் அதற்குள் வேறு அலுவலகத்துக்கு மாறியிருந்தார். விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்பில் அவர் வீட்டுக்குப் போனேன், புல்லட்டிலேயே. சத்தம் கேட்டு அவரே வெளியே வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நடந்ததை, மெக்கானிக் காட்டியதை, என் குறிப்பை, எல்லாவற்றையும். 38 ரூபாயை ஓர் உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன்.

அவர் உறையைத் திறக்கவில்லை. "பணம் கெடக்குது சார்" என்றார். "நான் அப்பவே சொன்னேனே. அந்தக் கோப்புல எழுதினது எழுதினபடிதான இன்னும் இருக்கும்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். குடித்தோம். கிளம்பும்போது அவர் என் வண்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, சூடு ஆறுமுன் குச்சியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து, விட்டு எடுத்துப் பார்த்தார். "கொஞ்சம் கம்மியா இருக்கு. கால் லிட்டர் ஊத்துங்க, அதுக்கு மேல வேணாம்" என்றார். உறையை என் சட்டைப் பையில் திருப்பி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை நான் ஒரு மனு எழுதினேன். 1976-ம் வருடக் குறிப்பு தவறான அடிப்படையில் எழுதப்பட்டது, அதை எழுதியவன் நானே, எச்சரிக்கையை நீக்க வேண்டும் என்று. முறைப்படி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து, முடிந்துபோன விஷயத்தை மறுபடி திறக்க முகாந்திரம் இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதற்குப் பதிலே வரவில்லை. பிறகு அண்ணன் ஓய்வு பெற்றார். சில வருடங்களில் காலமானார். அந்தக் கோப்பு காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருக்கும். ஆனால் நான் எழுதியது தவறு என்று எந்தக் காகிதத்திலும் பதிவாகவில்லை. இங்கே பதிவு செய்கிறேன்: அந்த வண்டியில் எண்ணெய் இருந்தது. அவர் ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை.

பேரனுக்குச் சொன்னது

மறுபடி பேரனிடம் வருகிறேன். கண்ணாடி இருக்கிறதே, இனி தவறே வராது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நேரமும் நிலையும் உண்டு. பழைய புல்லட்டை ஓட்டி நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். அவனுடைய புது வண்டியில் எண்ணெய் என்ஜினுக்கு அடியிலேயே தங்கும். ஓடும்போது மேலே ஏறிப் பரவியிருக்கும். ஆகவே ஓட்டி நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, எண்ணெய் வடிந்து இறங்கிய பிறகு பார்க்க வேண்டும். நேர் எதிர். வண்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் கண்ணாடியில் தெரியும் அளவு பொய். ஆனால் சில ஹார்லி டேவிட்சன் வண்டிகளில் சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்தே பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பழைய பி.எம்.டபிள்யூ. வண்டிகளில் குச்சியைத் திருகி இறுக்காமல், மரையின் மேல் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். வண்டியோடு கொடுக்கும் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொன்னதும் பேரன், "சரி தாத்தா, குறைவா தெரிஞ்சா உடனே ஊத்திடணுமா?" என்று கேட்டான்.

"முதல்ல வண்டியை நேரா நிறுத்து. ஓட்டிட்டுப் பாரு. அப்பவும் குறைவா இருந்தா, தினமும் வண்டியைக் கையில வச்சிருக்கிறவங்க யாரையாவது கேளு. அப்பறம் ஊத்தலாம்" என்றேன்.

அந்த 38 ரூபாய் உறை இன்னும் என் மேசை அறையில் இருக்கிறது. ரூபாய் நோட்டுகள் பழுத்துவிட்டன. செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை.